முதல் வார்த்தை

வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி கூடிப்போய்விட்டது, கழுத்தோரம் அறுக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இதோடுதான் எழுந்து போய்ப் பேச வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் கோயிலில் பெண்கள் பக்கம் முழுக்க வெள்ளைதான், வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்தால் நர்சுகள் மாநாடு என்று நினைத்துக்கொள்வார்கள். உச்சிவேளையில் தொடங்கி மூன்று மணி வரை ஆராதனை. இயேசு சிலுவையில் தொங்கும்போது பேசிய ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒன்று, நடுநடுவே பாட்டு. முதல் வார்த்தை, தம்மைக் கொல்கிறவர்களை மன்னித்துவிடும்படி அவர் பிதாவிடம் கேட்டது. என் மகன் போன பிறகு அதை என்னைத் தவிர வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. சபைக் காரியம் பார்க்கிற சேகர கமிட்டியில் ஆட்களைத் தீர்மானிக்கும்போதே, முதல் வார்த்தை சுகிர்தம் டீச்சர் என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற ஆறையும் பங்கு வைப்பார்களாம். மகனைப் பறிகொடுத்தவள், கொன்றவனை மன்னித்தவள், அவள் பேசினால்தான் சனங்களுக்கு அழுகை வரும். வரத்தான் செய்கிறது, என்னைத் தவிர எல்லாருக்கும் வருகிறது. பாட்டு எடுத்துவிட்டார்கள், எழுந்து நிற்க வேண்டும், எழுந்தால் தலை சுற்றுகிறது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை, பின்பக்கம் உபவாசக் கஞ்சி கொதிக்கிறது, வெந்தயமும் பூண்டுமாக வாசனை ஜன்னல் வழியாக வந்து வயிற்றைக் கிள்ளுகிறது, என் வயிறு போட்ட சத்தம் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும். இந்த வருஷம் யாரையும் அழவைக்க நான் வரவில்லை, பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

பதில் நிக்சன் ஐயருக்கு, எங்கள் சபைப் போதகருக்கு. அதோ பீடத்தில் வெள்ளை அங்கியும் கறுப்புப் பட்டையுமாக நிற்கிறாரே, அவருக்கு. போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தார், முகத்தில் பருத் தழும்புகூட மாறவில்லை, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, நல்ல பையன் என்றுதான் நானும் நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்புக் காலத்து வேதபாடத்தில், ஏதோ நாளைக்கு மழை வரலாம் என்பதுபோலச் சொன்னார். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் முதல் வார்த்தை இல்லை, நான்கு சுவிசேஷங்களில் ஒன்றில்தான் இருக்கிறது, அதிலும் பின்னால் யாரோ சேர்த்திருக்கலாம் என்று அறிஞர்கள் நினைக்கிறார்கள், அதனால் அந்த வார்த்தையின் அழகு குறைந்துபோகாது. அழகாம். ரசாயனம் நடத்தியே முடி நரைத்தவள் நான், சோதனைக் குழாயில் வராத முடிவை அழகு என்று எழுதிக் கொடுக்கிற பிள்ளைகளுக்கு முட்டை போட்டவள், என்னிடம் வந்து அழகைப் பற்றிச் சொல்கிறார். இந்த அறிஞர்களை எனக்குத் தெரியாதா. ரிட்டையர் ஆனதிலிருந்து கோயிலில் சனிக்கிழமை வேத வகுப்பில் இவர்களுக்குப் பதிலைத் தவிர வேறு என்ன நடத்துகிறேன். சரித்திரத்தில் வாழ்ந்த இயேசு வேறு, சபை வணங்குகிற இயேசு வேறு என்பார்கள். அமெரிக்காவில் ஒரு கூட்டம் உட்கார்ந்து, அவர் எதைச் சொன்னார் எதைச் சொல்லவில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்களாம். எங்கள் சேகர கமிட்டி எலெக்‌ஷன் தோற்றது போங்கள், அதிலாவது உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் ஓட்டு. சீஷர்கள் எல்லாரும் ஓடிப்போய்விட்டார்கள், சிலுவைக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டது யார் என்பார்கள். பெண்கள் நின்றார்களே ஐயா. ஆண்கள் ஓடினால் எல்லாரும் ஓடிவிட்டதாக எழுதிக்கொள்வது அறிஞர்களுக்கும் வழக்கம்தான் போலிருக்கிறது. இப்படி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. கமிட்டி செயலாளர் செல்லக்கனி அண்ணாச்சி அதனால்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது, இந்த ஐயர் வேண்டாம் என்று பிஷப்பிடம் போகப்போகிறார்கள், இளவட்டங்கள் சிலர் ஐயர் பக்கம் நிற்கிறார்கள், டீச்சர் ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் சபை மொத்தமும் ஒரே பக்கம் வந்துவிடும் என்றார். ஐயரும் சும்மா இருக்கவில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தார், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார், அந்த வசனம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரியாமல் பேசிவிட்டேன், வேண்டுமானால் இந்த வருஷம் ஐந்தாம் வார்த்தையை, தாகமாயிருக்கிறேன் என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நீங்கள் வேண்டுமானால் வேறு சபையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் தம்ளரைக் கழுவிக்கொண்டே, பாவம் அந்தப் பையன் என்று மட்டும் சொன்னார். அவர் எப்போதும் அந்த அளவுதான் பேசுவார்.

உட்காரச் சொல்கிறார்கள். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுகிறது, சுற்றுகிறதே தவிரக் காற்று வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. திரும்பாமலே தெரியும், ஆண்கள் பக்கம் கடைசியில், செருப்பு கிடக்கிற வாசலுக்குப் பக்கத்தில், பெஞ்சு காலியாக இருந்தாலும் தரையில்தான் உட்கார்ந்திருப்பான், மடியில் அந்தப் பெண்குழந்தை இருக்கும். சுடலைமுத்து என்று பேர், என் பிள்ளைமேல் ஏறிய லோடு ஆட்டோவை ஓட்டினவன், இப்போது பவுல். ஞானஸ்நானம் கொடுத்த பழைய ஐயர் வைத்த பேர் அது. வேதத்தில் வருகிற பவுலைப்போலவே துன்பப்படுத்தினவன் மனம் திரும்பியதால் பவுலாம், சபையே அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனது. என் மகன் கிங்ஸ்லி கேன் தண்ணீர் எடுத்துவரத்தான் போனான். ரொம்ப தூரம்கூட இல்லை, மெயின்ரோட்டுக் கடை, வண்டியில் முன்னால் கேனை வைத்துக்கொண்டு, லுங்கியோடு. லுங்கியோடு போகாதே என்று சொன்னேன், அதுதான் அவனிடம் நான் சொன்ன கடைசிப் பேச்சு, இதற்கு எந்தக் கையெழுத்துப் பிரதியும் கிடையாது, கேட்டவள் நான் ஒருத்திதான், சொன்னவளும் நான்தான். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டு ஜெபத்துக்குச் சனம் கூடியிருந்தபோது சுடலைமுத்துவின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து முற்றத்தில் விழுந்தாள். பழைய ஐயர் அப்போதுதான் முதல் வார்த்தையை வாசித்து முடித்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்தார்கள். இயேசுவே சொல்லியிருக்கிறார், ஆணியடித்தவர்களைப் பார்த்தே சொல்லியிருக்கிறார், நான் யார் சொல்லாமலிருக்க. மன்னித்துவிட்டேன் என்றேன். அவ்வளவுதான், அது நடந்து முடிந்துவிட்டது, நான் அந்த நிமிஷமே சபையின் சொத்தாகிவிட்டேன். அப்புறம் அவன் கோயிலுக்கு வரத் தொடங்கினான், குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கினான், சாட்சி சொல்லச் சபை முன்னால் நிறுத்தினார்கள். கையில் போன் இருந்தது, பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னான், டீச்சரம்மா மன்னித்ததால்தான் கர்த்தரைக் கண்டுகொண்டேன் என்றான். அவன் கர்த்தரைக் கண்டுகொள்வதற்கு என் பிள்ளை தண்ணீர் எடுக்கப் போக வேண்டியிருந்தது. ஆணியடித்தவர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்று தெரியவில்லை என்று இயேசு அவர்களுக்காக வாதாடினார். இவனுக்குத் தெரிந்திருந்தது, போன் கையில் இருந்தது, ரோடு முன்னால் கிடந்தது. அந்த இடத்தில் நான் வருஷம் முழுக்க முட்டிக்கொண்டு நிற்கிறேன், யாரிடமும் கேட்டதில்லை, சனிக்கிழமை வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் அதற்கும் பதில் வைத்திருப்பேன்.

முழங்காலில் நிற்கச் சொல்கிறார்கள். மூட்டு வலிக்கிறது, பெஞ்சுக்கு அடியில் எறும்பு ஊர்கிறது, பாவ அறிக்கை ஜெபம், எல்லாரும் ஒரே குரலாகச் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன், வாய் அதன் பாட்டுக்குச் சொல்கிறது. ஆண்டவரே, இதை உமக்கு மட்டும் சொல்கிறேன், உமக்கு முன்னமே தெரியும் என்றாலும் சொல்கிறேன். வேதபாடத்தில் ஐயர் அதைச் சொன்ன சாயங்காலம் எனக்குக் கோபம் வந்தது என்று சபை நினைக்கிறது. கோபம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது வேறே. தண்ணீர்த்தொட்டி முனையில் திரும்பி வீட்டுக்கு நடக்கிறேன், கால் லேசாக இருக்கிறது, காற்றுகூட நன்றாக இருக்கிறது, இயேசு அதைச் சொல்லவில்லையாமே என்று உள்ளே ஏதோ கிடந்து குதிக்கிறது. அவர் சொல்லவில்லை என்றால் நானும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இனி யார் முற்றத்தில் வந்து விழுந்தாலும், போ எழுந்து, என் பிள்ளையைக் கொண்டுவா என்று சொல்லலாம். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் அதிசயமாகப் பார்த்தார், இன்னொன்று ஊற்றட்டுமா என்றுகூடக் கேட்டார். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது, அப்படியே தேய்க்கிற நாரை வைத்துவிட்டு நின்றேன். நீர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டிருக்கிறேன் ஆண்டவரே. எந்த அமெரிக்கக்காரனும் அவ்வளவு ஆசைப்பட்டிருக்க மாட்டான், அவன் ஓட்டோடு விட்டுவிட்டான். அதன் பிறகு வந்ததுதான் கோபம், அந்தப் பையன்மேல், என் உள்ளே கிடந்ததைத் தொட்டு வெளியே எடுத்துவிட்டானே என்று. செல்லக்கனி அண்ணாச்சி அதைப் பக்தி வைராக்கியம் என்கிறார். பயமாக இருக்கிறது. நான் இப்போது போய் இயேசு சொன்னார் என்று அடித்துப் பேசினால் அந்தப் பையன் சபையை விட்டுப் போவான். சொல்லவில்லை என்றால் கடைசியில் தரையில் உட்கார்ந்திருக்கிறானே, அவன் எதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தானோ அது போகும். அவனுக்கு என் வார்த்தை, என் வார்த்தைக்கு அவர் வார்த்தை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது, அடியில் கிடப்பதை யாரோ உருவிப் பார்க்கிறார்கள்.

ஆனால் பதில் இருக்கிறது, நல்ல பதில், ராத்திரியெல்லாம் படித்துச் சேர்த்தது. பழைய பிரதிகளில் இல்லை, சரி. ஏன் இல்லை. எருசலேமை ரோமர்கள் எரித்துவிட்டார்கள், ஆலயத்தை இடித்துவிட்டார்கள். கொன்றவர்களை மன்னியும் என்று இயேசு கேட்டது நிஜமென்றால் இந்த அழிவு ஏன் வந்தது, பிதா மகனுடைய ஜெபத்தைக் கேட்கவில்லையா என்று பிரதி எடுக்கிறவர்களுக்கே குழப்பம். யூதர்கள்மேல் அவர்களுக்கு வேறு தீராத ஆத்திரம். அதனால் அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். இப்படிச் சொல்கிற அறிஞர்களும் உண்டு, கெட்டிக்காரர்கள். இதை இப்படி முடிக்கப்போகிறேன்: இருந்ததைத்தான் விட முடியும், இல்லாததை யாரும் விட முடியாது. செல்லக்கனி அண்ணாச்சி தலையாட்டுவார். பரமண்டல ஜெபம் தொடங்கிவிட்டது, ஐயர் குரல் மைக்கில் கரகரக்கிறது, சனம் மொத்தமும் அந்த ஜெபத்துக்கென்று இருக்கிற ராகத்தில் இழுக்கிறது, குழந்தைகள் முந்திக்கொண்டு ஓடுகின்றன, பெயர் பரிசுத்தப்படட்டும், ராஜ்யம் வரட்டும், அன்றைய ஆகாரம் கிடைக்கட்டும், நான் எச்சில் விழுங்கினேன், மறுபடி சேர்ந்துகொண்டேன், சோதனையிலிருந்து காத்துக்கொள்ளும் என்று. ஏன் எச்சில் விழுங்கினேன். தொண்டை காய்ந்திருந்ததால் என்று சொல்லலாம். நேற்று இருமினேன். ஞாயிற்றுக்கிழமை முந்தானையைச் சரி செய்தேன். எப்போதும் அந்த இடத்தில்தான். பிறர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற இடத்தில். குடும்ப ஜெபத்தில்கூட என் வீட்டுக்காரர் குரல் மட்டும்தான் அந்த வரியில் கேட்கும், நான் அடுத்த வரியில் வந்து ஏறிக்கொள்வேன். கிங்ஸ்லி போனதிலிருந்து அந்த வரியை நான் சொன்னதே இல்லை, இல்லை என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. பிரதி எடுக்கிற ஒருத்தன், மை தொட்ட எழுதுகோல், குனிந்த கழுத்து. அவன் வீட்டில் யார் செத்தார்களோ, யார் கொன்றார்களோ. அந்த வரிக்கு வருகிறான். கை நிற்கிறது. இருமுகிறான், முந்தானையைச் சரி செய்கிறான், அவனுக்கு ஏது முந்தானை, அடுத்த வரிக்குப் போகிறான், அடுத்த வரியில் சேவகர்கள் வஸ்திரத்துக்குச் சீட்டுப் போடுகிறார்கள், அதை எழுதுவது சுலபம். அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவனால் முடியவில்லை.

என் பேரைச் சொல்லிவிட்டார்கள். படி ஏறும்போது சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், போன வருஷம் தடுக்கியது. ஐயர் மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் போய் உட்கார்ந்தார். அடி விழக் காத்திருக்கிற பிள்ளை அப்படித்தான் உட்காரும். முன்வரிசையில் செல்லக்கனி அண்ணாச்சி கைகட்டிச் சாய்ந்திருக்கிறார். ஆண்கள் பக்கம் நடுவில் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்தபடி. கடைசியில் அவன். குழந்தை அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறது, கிங்ஸ்லியைப் புதைத்தபோது அது கைக்குழந்தை, இப்போது சடை போட்டிருக்கிறது. நான் தொடங்கினேன். நம்முடைய ஐயர் சொன்னது உண்மை, பழைய பிரதிகள் சிலவற்றில் இந்த வார்த்தை இல்லை என்றேன். சலசலப்பு. அண்ணாச்சி கட்டிய கையை அவிழ்த்தார். இயேசு இதைச் சொன்னார் என்றுதான் நான் நம்புகிறேன், இருந்ததை யாரோ விட்டிருக்கிறார்கள், விட்டவரை எனக்குத் தெரியும் என்றேன். என் குரல் மைக்கில் வேறு யாருடையதோபோல வந்தது. இதற்குமேல் எழுதி வைத்தது ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை, எருசலேம் வரவில்லை, ரோமர்கள் வரவில்லை. நானும் விட்டவள்தான், இயேசு சொன்னார், நான்தான் இன்னும் சொல்லவில்லை, மூன்றாம் நாள் முற்றத்தில் சொன்னது நீங்கள் எல்லாரும் பார்த்ததற்காகச் சொன்னது என்றேன். நிறுத்தியிருக்கலாம். அங்கேயே நிறுத்தியிருந்தால் பெண்கள் பக்கம் அழுதிருக்கும், வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கிறதுதானே என்று போயிருக்கும். ஆனால் அவன் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பவுல் தம்பி, நான் இன்னும் உங்கள மன்னிக்கல."

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். அவன் குழந்தையை மடியிலிருந்து இறக்கித் தரையில் விட்டான், எழுந்து நின்றான், வேட்டியைச் சரி செய்தான். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் பேசியது பெரிய சத்தமாக இல்லை, எதிரே நிற்கிற எனக்குக் கேட்டால் போதும் என்பதுபோலப் பேசினான்.

"தெரியும் டீச்சரம்மா. அன்னைக்கு உங்க வீட்டு முத்தத்துலருந்து வந்ததுமே எம் பொஞ்சாதி சொல்லிட்டா. வாய்தான் சொல்லுச்சு, முகம் சொல்லலைன்னு."

இனி செருப்பைத் தேடுவான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் உட்கார்ந்தான்.